தளர்ந்த முடிச்சு

எங்கள் வீட்டில் பூக்கட்டுவது என் வேலை. தலையில் சூடுகிற பூ அல்ல. ஒரு காரியத்தைச் செய்யலாமா கூடாதா என்று மனம் தடுமாறும்போது, ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூவும் இன்னொரு வெற்றிலையில் சிவப்புப் பூவும் வைத்து மடித்து, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி நூல் சுற்றி, சாமி முன்னால் போடுவோம். பக்கத்தில் இருக்கும் யாரையாவது அழைத்து ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அம்மாவுக்கு வாதத்தில் விரல்கள் மடங்கிப்போனதால் இலையை மடிப்பதும் நூலை முடிச்சுப் போடுவதும் என்னிடம் வந்தன.

இரண்டு பொட்டலமும் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பதில் நான் கவனமாக இருப்பேன். சிவப்பு அரளி கொஞ்சம் கனமாகப் பட்டால் ஓர் இதழைக் கிள்ளிவிடுவேன். நூலைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டு, முடிச்சை இழுத்துப் பார்ப்பேன். பிறகு இன்னொரு முறையும் இழுத்துப் பார்ப்பேன். அதற்குக் காரணம் உண்டு.

ஜப்பான்காரன் பினாங்குக்குள் வருவதற்கு முந்தின வாரம். அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் குண்டு விழும் சத்தம் கேட்டது. எங்கள் தெரு ஆட்கள் கடலோரத்துக்குப் போய் அதை வேடிக்கை பார்த்தார்கள். "இங்கெல்லாம் போட மாட்டான்," என்றார் அப்பா. அம்மாவுக்கு மனது கேட்கவில்லை. டவுனுக்கு வெளியே ஆயர் ஈத்தாமில் தெரிந்தவர் வீடு ஒன்று இருந்தது. அங்கே போய்விடலாமா என்று பூக்கட்டிப் பார்க்கச் சொன்னாள். அப்போது எனக்குப் பதினேழு வயது. நான்தான் கட்டினேன். எதிர்வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி, திரும்பி நின்று பிரித்தாள். பிரித்தவுடன் கையை மூடிக்கொண்டாள்.

"என்ன கட்டு கட்டியிருக்கே? நூல் தளர்ந்து பூவே வெளிய வந்துடுச்சு. இது செல்லாது. மறுபடி கட்டு."

மறுபடி கட்டினேன். வெள்ளை வந்தது. அன்று மாலையே மூட்டை முடிச்சோடு ஆயர் ஈத்தாமுக்குப் போனோம். மறுநாள் பகலில் விமானங்கள் டவுனுக்கு மேல் வந்தன. நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. எதிர்வீடே இல்லை. பூவை எடுத்துக் கொடுத்தவரும் இல்லை.

அம்மன்தான் காப்பாற்றினாள் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். எனக்குள் வேறொன்று தங்கிவிட்டது. என் முடிச்சு தளர்ந்திருந்தது. அதை அம்மா கவனிக்காமல் விட்டிருந்தால், தளர்ந்த பொட்டலத்தை நம்பி நாங்கள் அங்கேயே இருந்திருக்கலாம். அன்றிலிருந்து என் கை செய்கிற எதையும் நான் ஒருமுறை பார்த்ததோடு விட்டதில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். எழுதிய வரியை அடித்துவிட்டு அதே வரியைத் திரும்ப எழுதுவேன்.

பூவை எல்லாவற்றுக்கும் கட்ட முடியாது. அதனால் சின்ன விஷயங்களுக்கு ஒரு புளியங்கொட்டை வைத்திருந்தேன். ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கியது. வகுப்புக்குப் பினாங்கு ரோடு வழியாகப் போவதா, குறுக்குச் சந்து வழியாகப் போவதா? கொட்டையைப் போட்டுப் பார்ப்பேன். பசாரில் இந்தக் கிழங்கா அந்தக் கிழங்கா? முந்தானைக்குள் கையை விட்டு உருட்டிப் பார்ப்பேன். யாருக்கும் தெரியாது.

வகுப்பு என்றது நிப்பொங்கோ வகுப்பு. ஜப்பானிய மொழியை மாலையில் சொல்லிக்கொடுத்தார்கள். படித்தவர்களுக்கு வேலை கிடைக்கும் என்றதால் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். கத்தகானா எழுத்துகள் எனக்கு நன்றாகவே வந்தன. ஆனால் சென்சேய், அதாவது வாத்தியார், கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் கையைத் தூக்க மாட்டேன். ஜப்பான்காரன் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிற ஐப்பசியில், மழை தொடங்கிய வாரத்தில் அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். தபால் அலுவலகத்தில் கத்தகானா படிக்கத் தெரிந்த பெண்கள் வேண்டுமாம். சம்பளத்தோடு அரிசிப் பங்கும் உண்டு. விருப்பம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை வகுப்பில் பெயர் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்மாவதி என் முழங்கையை இடித்தாள். அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர்கள் பேச்சே தனி.

"உன்னைத்தான் சொல்லுறார். நீ போ."

"பிழையாப் படிச்சு யாரோட கடுதாசியாவது வேற எடத்துக்குப் போயிடுச்சுன்னா?"

"அப்ப அவை ஒரு புது ஆளைச் சிநேகம் பிடிப்பினம். போ பிள்ளை!"

வீட்டுக்கு வரும் வழியில் புளியங்கொட்டையைப் போட்டேன். கறுப்பு விழுந்தது. அடுத்த தெருவில் மறுபடி போட்டேன். வெள்ளை விழுந்தது. இரண்டையும் நம்ப முடியாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் அண்ணன் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவன் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அவன் பெயர் நல்லமுத்து. யுத்தத்துக்கு முன்னால் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியில் கிராணியாக இருந்தவன். கணக்கெழுதுகிற வேலை. வெள்ளைச் சட்டை, காலரில் கஞ்சி. கம்பெனி மூடிய பிறகு தேங்காயெண்ணெயைப் போத்தலில் ஊற்றிச் சைக்கிளில் வைத்து விற்றுக்கொண்டிருந்தான்.

"கனகு, கேளு லா. சயாமுல ரயில் பாதை போடறாங்களே, அதுக்கு ஆள் எடுக்கறாங்க. கூலி இல்ல. கிராணி! ஆளுங்க பேரு எழுதணும், அவ்வளவுதான். மூணு மாசம். வூட்டுக்கு மாசா மாசம் அரிசி குடுத்துடுவாங்க. பொங்கலுக்கு வந்து நிப்பேன்."

"யாரு சொன்னா?"

"பிச்சைமுத்து. அவனும் வர்றான். திங்கக்கிழமை காலையில லோரி வருது. பேரு குடுத்துட்டு ஏற வேண்டியதுதான்."

பிச்சைமுத்து அதே கம்பெனியில் அண்ணனுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர். இருவரும் ஒன்றாக வேலை இழந்தவர்கள்.

அப்பா சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலில் ஆறாத புண். பழைய துணி சுற்றியிருந்தது. "போற எடம் எப்படின்னு தெரியலையேப்பா," என்றார்.

"அதுக்குத்தானே பூ இருக்கு," என்றாள் அம்மா. "நாளைக்குக் கோயிலுக்குப் போவோம்."

மறுநாள் நான்தான் கட்டினேன். கனம் பார்த்தேன், நூலை இழுத்துப் பார்த்தேன், மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். மாரியம்மன் முன்னால் போட்டபோது அம்மா உரக்கவே கேட்டாள்: "தாயே, என் பிள்ளை போனா நல்லபடியாத் திரும்பி வருவானா?" விபூதி வாங்க வந்த ஒரு பெரியவர் குனிந்து ஒன்றை எடுத்தார். அம்மா பிரித்தாள். வெள்ளை நந்தியாவட்டை.

அண்ணன் அம்மாவின் காலில் விழுந்து எழுந்தான். எனக்கு மட்டும் பயமாக இருந்தது. ஏன் என்று கேட்டுக்கொண்டேன். காரணம் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. காரணம் தெரியாத பயத்துக்கு மதிப்பில்லை என்று என்னையே அடக்கிக்கொண்டேன்.

அன்று மாலை வகுப்பில் பத்மாவதியிடம் இதைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றது.

"சயாமுக்கோ?"

"ஆமா. மூணு மாசம்தான்."

"என்ரை அத்தானும் மூண்டு மாசம் எண்டுதான் போனவர். டிரெஸ்ஸர் வேலைக்கு, புண்ணுக்கு மருந்து கட்டுற வேலை. சித்திரை வருசத்துக்குப் பிறகு போனவர். ஆடியிலை வந்திருக்க வேணும். இப்ப ஐப்பசி. ஒரு கடுதாசி இல்லை. அக்கா சமைக்கேக்கை இண்டைக்கும் அவருக்கும் சேர்த்துத்தான் கிழங்கு அவிக்கிறா."

"இதை ஏன் நீ சொல்லவே இல்ல?"

"நீ கேக்கேல்லையே."

அந்தச் சொல் வீடு வரைக்கும் என்னோடு வந்தது. அண்ணன் திரும்பி வருவானா என்று நாங்கள் அம்மனிடம் கேட்டோம். அது இனிமேல் நடக்கப்போவது. மனிதர்களால் சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே போனவர்கள் திரும்பி வந்தார்களா என்பது நடந்து முடிந்த விஷயம். அதைச் சொல்ல தெய்வம் வேண்டியதில்லை. நாலு வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். எங்களில் ஒருவரும் தட்டவில்லை.

தட்டலாமா என்று புளியங்கொட்டையைப் போட்டேன். கறுப்பு விழுந்தது. போகாதே. தரையில் கிடந்த அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கறுப்பு விழுந்தாலும் வெள்ளை விழுந்தாலும் திங்கட்கிழமை லோரி வரத்தான் போகிறது. கொட்டையை எடுத்துச் சாமி மாடத்தில் வைத்தேன். காலையில் கிழங்கு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆயர் ஈத்தாமுக்கு நடந்தேன். பஸ் வரும் என்று காத்திருந்தால் பொழுது போய்விடும்.

குண்டு விழுந்த நாட்களில் நாங்கள் ஒதுங்கியிருந்த வீட்டுக்கு அடுத்த வீடு சின்னம்மா என்பவளுடையது. அவளுடைய புருஷன் சயாமுக்குப் போனது எனக்குத் தெரியும். பசாரின் ஓரத்தில் சாக்கு விரித்துச் சேம்பு இலையும் கிழங்கும் வைத்திருந்தாள். என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். எப்போது போனார், என்ன சொல்லிக் கூட்டிப்போனார்கள், பிறகு என்ன நடந்தது. ஆளைப் பார்த்தவுடன் வரிசை கலைந்துவிட்டது.

"அக்கா, அண்ணே வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. அந்தச் சாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன், தூக்கிப் பாரு."

பக்கத்தில் மீன் விற்றவள் சிரித்தாள். சின்னம்மா சிரிக்கவில்லை. நான் அங்கேயே குந்தினேன். என் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது.

"யாரு போறா?"

"எங்கண்ணன்."

"மூணு மாசம்னு சொன்னாங்களா?"

"ஆமாக்கா. வூட்டுக்கு அரிசியும் குடுப்பாங்களாம்."

"குடுத்தாங்க. மொத ரெண்டு மாசம் குடுத்தாங்க. மூணாவது மாசம் போய் நின்னா, அரிசி குடுக்கறவன் பேரு இல்லைன்னான். ஆளு எங்கன்னு கேட்டேன். வேலை முடிஞ்சா வருவான்னான். எப்ப முடியும்னு கேட்டேன். அவனும் தமிழன்தான். குனிஞ்ச தலை நிமிரல." சேம்பு இலைகளை அடுக்கி நாரால் கட்டினாள். "உங்கம்மா பூக்கட்டிப் பாத்தாங்களா?"

"வெள்ளை வந்துச்சுக்கா."

"எங்களுக்கும் வெள்ளைதான் வந்துச்சு."

அவள் வீட்டு வரிசையில் போய்க் கேள் என்று கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டேன். ஒரு வீட்டில் மகன் போயிருந்தான். இன்னொன்றில் தகப்பனும் மகனும். கடைசி வீட்டுக் கிழவர், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய தம்பி இருக்கிற லயத்து வீடுகளில் ஆண்பிள்ளைகளே இல்லை என்றார். யாராவது ஒருவர் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டீர்களா என்று எல்லோரிடமும் கேட்டேன். எல்லோரும் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். ஒருவரும் வரவில்லை.

அன்று மாலை விளக்கேற்றிய பிறகு வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். மறந்துபோகும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்துப் படித்தேன்.

அண்ணன் கைதட்டினான். "பலே! நிப்பொங்கோ படிச்சதும் துப்பறியறதும் வந்துடுச்சா?"

"அண்ணே, ஒருத்தர்கூட வரல."

"வேலை முடிஞ்சிருக்காது, வரல. காட்டுக்குள்ள போஸ்டாபீஸ் தொறந்து வச்சிருப்பானா, கடுதாசி போட?"

"அப்ப மூணு மாசம்னு எதுக்குச் சொன்னாங்க? அரிசிய எதுக்கு நிறுத்தினாங்க?"

அவன் வேறு குரலில் பேசினான். "சரி. நான் போகல. என்ன செய்யச் சொல்றே? அப்பா காலைப் பாரு. தெனம் இந்தக் கிழங்குதான். நேத்து பசார்ல எங்க பழைய கம்பெனி பியூன் என்கிட்ட எண்ணெய் வாங்கறான். 'என்ன சார், இன்னும் அரைப் போத்தல் ஊத்துங்க'ங்கறான். சார்ங்கறான், சிரிக்கிறான். இவ்வளவு நாளைக்கப்புறம் ஒருத்தன் என்னைக் கிராணின்னு கூப்பிடறான் கனகு. போக வேணாங்கறே."

அவனுக்கு அரிசி மட்டும் காரணமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் அம்மா பேசினாள்.

"போதும். பூ சொல்லியாச்சு. அம்மன் வாக்க மீறக் கூடாது."

"மறுபடி கட்டிப் பார்க்கலாம்மா," என்றேன்.

"ஒரு தடவ கேட்டத திருப்பிக் கேக்கறது பாவம்."

"அன்னைக்குத் திருப்பிக் கேட்டோமே. ஆயர் ஈத்தாமுக்குப் போறதுக்கு. என் முடிச்சு தளர்ந்துபோச்சுன்னு நீங்கதானே மறுபடி கட்டச் சொன்னீங்க? இந்தத் தடவையும் தளர்ந்திருக்கும்மா. ரெண்டு தடவ இழுத்துத்தான் பாத்தேன். ஆனா என் கை சரியில்ல. எனக்கே தெரியும். என்னாலதான் தப்பா வந்திருக்கும்."

நான் வாதத்துக்காக அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினேன். சொல்லும்போது அழுகையும் வந்துவிட்டது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மடங்கிய விரல்கள் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டன.

"ரெண்டு வருஷமா இதையா மனசுல வச்சிருக்கே?"

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"உன் முடிச்சு தளரலடி," என்றாள். "நல்லாத்தான் கட்டியிருந்தே. பிரிக்கவே எனக்கு நேரமாச்சு. உள்ள செவப்பு இருந்துச்சு."

அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். "என்னது?"

"செவப்புதான் வந்துச்சு. போகாதேன்னு வந்துச்சு. அந்தச் சத்தம் கேட்டதுலேருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. அரிசிய முன்னாடியே மூட்டை கட்டி வச்சிட்டேன். நீங்க, பூ சொன்னாத்தான் கெளம்புவேன்னு உக்காந்திருந்தீங்க. எனக்குத் தோணுது, போவோம்னு நான் சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"அதுக்கு?"

"அதுக்குப் பொண்ணு மேல பழியைப் போட்டேன். சின்னப் புள்ள, மறந்துடுவான்னு நெனச்சேன்."

அப்பா அவளையே பார்த்தார். "அடிப்பாவி," என்றார். "அப்ப நாம உசுரோட இருக்கிறது அம்மன் புண்ணியத்துல இல்லியா?"

"அம்மன்தான் எனக்கு அந்தப் பொய்யக் குடுத்தா," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அப்பா சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். இரண்டு வருஷமாக நான் நம்பாமல் இருந்த கைகள். அம்மா மேல் கோபம் வந்தது. உடனே அது நகர்ந்துபோய் வேறொன்று வந்தது. அன்று அம்மா காதால் கேட்டாள், யோசித்தாள், முடிவெடுத்தாள், எங்களைக் காப்பாற்றினாள். அவ்வளவும் செய்தவளுக்கு, இது என் முடிவு என்று சொல்ல மட்டும் தைரியம் இல்லை. பூவுக்குப் பின்னால் ஒளிந்தாள், பிறகு எனக்குப் பின்னால் ஒளிந்தாள். நான் ஒரு புளியங்கொட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

"நாளைக்கு வகுப்புல தபாலாபீஸ் வேலைக்கு என் பேரைச் சொல்லப்போறேன்," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அரிசிப் பங்கு குடுக்கறாங்க."

அண்ணனின் சிரிப்பு நின்றது. "நீ சம்பாரிச்சு நான் திங்கறதா?"

"மூணு மாசம் தின்னு. அதுக்குள்ள சயாம்லேருந்து ஒரே ஒருத்தர் திரும்பி வரட்டும், அடுத்த லோரியில நீ ஏறு. நானே பொட்டி தூக்கிட்டு வர்றேன். ஜப்பான்காரனுக்கு ஆள் வேணும். லோரி நிக்காது, வந்துக்கிட்டுத்தான் இருக்கும். இங்க இருந்தா எப்ப வேணும்னாலும் போகலாம். போயிட்டா, வர்றது உன் கையில இல்லண்ணே."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். என்ன முடிவெடுத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா மட்டும், "பொண்ணு சொல்றது கணக்கு," என்றார். அம்மா அன்று பூவைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

காலையில் அடுப்படியிலிருந்து கருகிய வாசனை வந்தது. அண்ணன் சாமி மாடத்தில் இருந்த புளியங்கொட்டையை எடுத்து வறுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். பஞ்சத்தில் அதையும் தின்னத்தான் செய்தோம்.

"யாருலா இதைத் தேச்சு வச்சது? கல்லு மாதிரி இருக்கு," என்றான்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் கையைத் தூக்கினேன். சென்சேய் பலகையில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை வாசிக்கச் சொன்னார். ஒன்றைத் தவறாக வாசித்தேன். அவர் திருத்தினார். உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. உட்காராமல் அடுத்ததை வாசித்தேன். பெயரைக் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமையே வேலைக்குப் போகச் சொன்னார். பத்மாவதி மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து நசுக்கினாள். அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுக்குத்தான் மூன்று இரவு தூக்கம் கெட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிச்சைமுத்து வீட்டுக்கு வந்தார். தகரப் பெட்டி இரவல் கேட்க வந்தவர். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "நீயே சொல்லு," என்றான். சின்னம்மா சொன்னதையும், அந்த வரிசை வீடுகளையும், பத்மாவதியின் அத்தானையும் ஒன்று விடாமல் சொன்னேன். தாள் இல்லாமல் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி சொல்றது நெசமா இருக்கும்," என்றார். "ஆனா எங்க வூட்டுல தபாலாபீஸுக்குப் போக ஒரு தங்கச்சி இல்லியே லா."

அண்ணன், எண்ணெய் வியாபாரத்தில் பாதி தருகிறேன், இரு என்றான். பிச்சைமுத்து அவன் தோளில் தட்டினார். "அரைப் போத்தல்ல பாதியா?" என்று சிரித்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலையில் லோரி எங்கள் தெரு முனையில் நின்றது. அண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றான். அவன் அசையவில்லை. லோரியின் பின்னால் நின்றிருந்த ஆட்களுக்கு நடுவிலிருந்து பிச்சைமுத்து கையைத் தூக்கி, "மூணு மாசம்டா!" என்று கத்தினார். லோரி படகுத்துறைப் பக்கம் திரும்பியது. அண்ணன் அது போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, சைக்கிளிலிருந்து எண்ணெய்ப் போத்தல்களை இறக்கி வைத்தான்.

"ஏறு," என்றான். "மொத நாளே லேட்டாப் போவாதே."

நான் இதை எழுதும்போது பொங்கல் போய், தைப்பூசமும் போய்விட்டது. தபால் மூட்டைகளைப் பிரித்து ஊர் ஊராக அடுக்குகிறேன். தவறு செய்கிறேன், திருத்திக்கொள்கிறேன். எதையும் இப்போது ஒரு முறைதான் பார்க்கிறேன், சில நாள் இரண்டு முறை. சயாமிலிருந்து எது வந்தாலும் என் கண்ணில் படாமல் போகாது. பிச்சைமுத்துவின் கையெழுத்தை அண்ணன் எனக்கு எழுதிக் காட்டியிருக்கிறான். நீண்ட கால் போட்ட எழுத்துகள். அது இன்னும் வரவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று ஆவதில் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை.

பிச்சைமுத்துவின் தாயார் மாலையில் தபாலாபீஸ் படியோரம் வந்து நிற்கிறார்.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு வரலம்மா."

போன வாரம் ஒரு நாள் அவர் கையில் வெற்றிலையும் நூலும் இருந்தன. "உங்கம்மா சொன்னா, நீதான் நல்லாக் கட்டுவியாமே. என் பிள்ளை இருக்கானா இல்லையான்னு மட்டும் கேட்டுப் பாத்துடுவோம்," என்றார்.

கேட்க வேண்டிய மனிதர்களிடமெல்லாம் அவர் கேட்டு முடித்திருந்தார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்து கட்டினேன். நந்தியாவட்டை ஒன்றில், அரளி ஒன்றில். இரட்டை முடிச்சுப் போட்டேன். இழுத்துப் பார்க்கவில்லை. நல்ல முடிச்சு என்று தெரியும்.

அம்மன் முன்னால் இரண்டையும் வைத்தோம். எடுத்துத் தரச் சொல்லி யாரையாவது கூப்பிடவா என்று கேட்டேன். அந்த அம்மா பொட்டலங்களைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றார்.

"இருக்கட்டும்," என்றார். "அப்படியே இருக்கட்டும். நாளைக்கும் தபால் மூட்டை வருமில்ல?"

"வரும்மா."

"அப்ப நாளைக்கும் வந்து கேக்கறேன்," என்று சொல்லி, பொட்டலங்களைத் தொடாமல் படியிறங்கினார்.